எழுத மறுக்கும் பாலர்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிப்பது ஐம்பது மாகாணங்களிலும் சட்ட சம்மதமான காரியம். 2020-ம் வருஷத்தில் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது இவ்வழக்கம் வெகுவாகப் பரவிற்று. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளையுடைய குடும்பங்களில் இவ்வாறு கற்பிப்பவை அவ்வருஷம் வசந்த காலத்தில் நூற்றுக்கு 5.4, இலையுதிர் காலத்திலோ 11.1 என்று அந்நாட்டு ஜனக் கணக்கெடுப்பு இலாகா கண்டது. இப்பெற்றோரில் கணிதத்திற்கும் சரித்திரத்திற்கும் அஞ்சாத பலர் எழுத்துப் பாடத்தின் முன் கலங்கி நிற்கிறார்கள். வண்டைப் பற்றியும் விண்மீனைப் பற்றியும் அரைமணி நேரம் ஓயாது பேசும் பையன், காகிதத்தையும் பென்ஸிலையும் முன்னே வைத்தவுடன் ஊமையாகி விடுகிறான். மூன்று வரிக்குள் கண்ணீர் வந்துவிடுகிறது. அவனுக்கு எந்தப் பாடத்திட்டத்தை வாங்குவது என்பதே அவர்களுடைய கேள்வி.

இக்கேள்வி அயல்நாட்டாருக்கு மாத்திரம் உரியதன்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலையில் வீட்டுப் பாடத்தோடு போராடும் நம் நாட்டுத் தகப்பனும் இதே பையனை அறிவான். ஆகவே இவ்விஷயத்தை நேயர்கள் முன் வைக்கிறோம்.

விசாரணையின்றித் தீர்ப்புக் கூறுவது நியாய ஸ்தலத்தில் எவ்வளவு தவறோ, காரணம் அறியாமல் புத்தகம் வாங்குவதும் அவ்வளவு தவறு. ‘சோம்பல்’ என்ற குற்றத்தைப் பையன் மீது சுமத்துவது எளிது. ஆனால் எழுதுதல் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதற்குள் மூன்று காரியங்கள் அடங்கியிருக்கின்றன. சொல்ல வேண்டிய கருத்தைத் தேடிக்கொள்வது ஒன்று. அதை வாக்கியமாக அமைத்து மனத்தில் நிறுத்துவது மற்றொன்று. பிழையின்றிக் கையால் காகிதத்தில் இறக்குவது மூன்றாவது. வளர்ந்தவர்க்கு மூன்றாவது தானே நடைபெறுவதால் அதன் பாரம் மறந்து போயிற்று. எட்டு வயதுப் பாலனுக்கோ ஒவ்வோர் எழுத்தும் ஒரு வேலை. முதற் சொல்லை வரைந்து முடிப்பதற்குள் வாக்கியத்தின் முடிவு அவன் நினைவை விட்டு ஓடிவிடுகிறது. மூன்று சுமைகளையும் ஒரே நேரத்தில் அவன் தலையில் ஏற்றிவிட்டு, நடக்கவில்லையே என்று கோபிப்பது எந்த நியாயம்?

எந்தச் சுமை பிள்ளையை அழுத்துகிறதோ அதை இறக்கி வைப்பதே அவனுக்குரிய பாடத்திட்டம் என்பது நமது திடமான அபிப்பிராயம். இதை அறிய ஒரு சோதனை உண்டு. அவன் சொல்லச் சொல்லப் பெற்றோர் எழுதிக்கொள்ளட்டும். வாய்மொழி தாராளமாக வந்தால் தடை கையில் இருக்கிறது. கொடுத்த விஷயத்தைப் பற்றிச் சொல்ல வராமல், தான் விரும்பியதைப் பற்றிச் சொல்ல வந்தால், சரக்கு இல்லாத குறை. இரண்டும் வராமல், “இது சரியா?” என்று முகத்தையே பார்த்தால், பிழைக்கு அஞ்சுகிறான்.

கை தளர்ந்த பிள்ளைக்கு ஏற்ற வழியை இங்கிலாந்தில் சார்லட் மேஸன் அம்மையார் (1842–1923) காட்டினார். பாலன் ஒரு நல்ல பகுதியை ஒரே முறை கேட்பான். உடனே தன் சொற்களில் திருப்பிச் சொல்வான். சுமார் பத்து வயது வரையில் வாய்மொழியே பிரதானம். வர்ஜீனியா மாகாணத்து ஸூஸன் வைஸ் பாவர் அம்மையார் தமது ‘ரைட்டிங் வித் ஈஸ்’ என்ற திட்டத்தில் இதைப் படிப்படியாக அமைத்திருக்கிறார். நல்ல வாக்கியங்களைப் பார்த்து எழுதுவதும், பின்னர் சொல்லக் கேட்டு எழுதுவதும் கைக்குப் பயிற்சி. கேட்ட கதையைச் சுருக்கிச் சொல்வது கருத்துக்குப் பயிற்சி. அதை ஆரம்பத்தில் தாயே எழுதிக்கொள்வாள். இரண்டும் தனித்தனியே தேறிய பின்னரே ஒன்று சேரும். இவ்வளவு செய்தும் கை வசப்படாவிடில் அது நோயாகவும் இருக்கலாம். அப்போது வைத்தியரைக் காண்பதே முறை.

சரக்கில்லாத பிள்ளைக்கு ஆண்ட்ரூ புடேவா என்பவர் பரப்பிவரும் முறை உதவும். ஒரு சிறு கட்டுரையைப் படித்து, வாக்கியத்திற்கு இரண்டு மூன்று சொற்களாகக் குறித்துக்கொண்டு, மூலத்தை மூடிவிட்டுக் குறிப்பிலிருந்து மறுபடி எழுதச் செய்கிறார். இது புதியதன்று. பெஞ்ஜமின் பிராங்க்ளின் அச்சுக்கூடத்தில் தொழில் பயின்ற சிறுவனாயிருந்தபோது, ‘ஸ்பெக்டேட்டர்’ கட்டுரைகளை இவ்வாறே குறிப்பெடுத்து, சில நாள் கழித்துத் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்திக்கொண்டதாகத் தம் சுயசரிதையில் கூறியிருக்கிறார். ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒவ்வொரு பத்தியிலும் இன்ன அணியும் இன்ன வினையடையும் வர வேண்டுமென்ற பட்டியல் இம்முறையோடு சேர்ந்து வருகிறது. அதை வருஷக் கணக்கில் பிடித்துக்கொண்டால் எல்லாப் பிள்ளைகளின் நடையும் ஒரே அச்சில் வார்த்ததாகிவிடும். சாரம் கட்டிடம் எழும்பும் வரைதான்.

அச்சத்திற்கு மருந்து வேறு. பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973-ல் வெளியிட்ட நூலில், குறித்த சில நிமிஷங்கள் நிறுத்தாமலும் திருத்தாமலும் மனம் போனபடி எழுதும் பயிற்சியை வற்புறுத்தினார். ஜூலி போகார்ட் அம்மையாரின் ‘பிரேவ் ரைட்டர்’ திட்டத்தில் இதற்கு முக்கிய இடமுண்டு. திருத்தும் சிவப்பு மை அந்நிமிஷங்களில் மேஜை மேல் இருத்தலாகாது.

இவ்வுண்மை நம் நாட்டுக்குப் புதிதோ? நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் அன்றோ விரலால் எழுதினார்கள்! பிழையானால் உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும். குற்றத்திற்குச் சாட்சியே இல்லை. சென்னை எழும்பூரில் 1789 முதல் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதைக் கண்டு தம் பள்ளியில் கையாண்டு, 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்திலும் நியூயார்க்கிலும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் மணற்பலகை இடம் பெற்றது. இன்று அமெரிக்கத் தாய்மார் தட்டில் மணல் பரப்பிக் குழந்தைக்கு எழுத்துக் கற்பிப்பது, அறிந்தோ அறியாமலோ, நம் திண்ணையின் வழியே.

‘தாய் எழுதிக் கொடுத்தால் பிள்ளை எப்போது கற்பான்?’ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாய ஸ்தலத்தில் சாட்சி சொல்கிறான், குமாஸ்தா எழுதுகிறார். அவ்வாக்குமூலம் குமாஸ்தாவினுடையது என்று எவரேனும் வாதிப்பாரா? சொல் யாருடையதோ வாக்குமூலம் அவனுடையது. தன் பேச்சு காகிதத்தில் வாக்கியமாக நிற்பதைக் காணும் பாலன், எழுத்து என்பது தன் குரலே என்பதை அறிகிறான். நாளடைவில் ஒரு வாக்கியம் தாய், ஒரு வாக்கியம் மகன் என்றாகி, பேனா அவன் கைக்கு மாறும்.

2022-ம் வருஷ முடிவில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலிய இயந்திரங்களை இதனோடு குழப்பலாகாது. அவை கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தருகின்றன. எழுத மறுக்கும் பையனுக்கு இதைவிட இனிய புகலிடம் ஏது? தாய் எழுதுவது பிள்ளையின் சொல். இயந்திரம் எழுதுவது பிறர் சொல்லின் கலவை. முன்னது கையின் சுமையை மட்டும் குறைக்கிறது. பின்னதோ சிந்திக்கும் வேலையையே பறித்துக்கொள்கிறது. பயமுறுத்தியும் அழவைத்தும் எழுத்தை வெறுக்கச் செய்த பெற்றோர், நாளை அவன் அவ்வியந்திரத்திடம் ஓடினால் யாரை நோவது?

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. பணம் கொடுத்துத் திட்டம் வாங்குமுன் ஒரு மாதம் பொறுங்கள். தினம் கால் மணி நேரம் நல்ல புத்தகத்தை வாசியுங்கள். அவன் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வரி அழகாகப் பார்த்து எழுதச் செய்யுங்கள். தடை எங்கே என்பது அதற்குள் புலனாகும். அதற்கேற்ற நூலை அப்பால் வாங்கலாம். இரண்டு மாதத்தில் பயன் காணாவிடில் மாற்றவும் தயங்க வேண்டாம். புத்தகம் பிள்ளைக்காக, பிள்ளை புத்தகத்திற்காக அன்று.

இது மதிப்பெண்ணோடு நிற்கும் காரியமன்று. தன் குறையை மனுவாகவும் தன் கருத்தைக் கட்டுரையாகவும் தானே எழுத வல்ல பிரஜைகளாலேயே பொது வாழ்வு நடைபெறுகிறது. அச்சக்தியைப் பாலப் பருவத்தில் இழந்தவன், எவ்வளவு படித்தாலும், பிறர் எழுதியதன் கீழ்க் கைநாட்டு வைப்பவனாகவே இருப்பான்.