பெயரில்லாத பொத்தான்கள்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டுக்குக் கடிதம் போட வேண்டும். உறையில் என்ன எழுதுவோம்? ஊர், பேட்டை, ரோடு, கிராஸ், வீட்டு எண், மாடி. தபால்காரர் ரிச்சர்ட்ஸ் பார்க்கைச் சுற்றியுள்ள எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டிருப்பதில்லை. பெரியதற்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது என்று இறங்கி, சரியான படியேறி விடுகிறார்.

கம்ப்யூட்டர் திரையின் அமைப்பும் இதேதான். 'பணம் அனுப்பு' என்ற பொத்தான் பார்வைக்குத் திரையில் எங்கோ மிதப்பது போல் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு முகவரி உண்டு: இந்தப் புரோகிராமின் முதல் ஜன்னல், அதில் இரண்டாவது குழு, அதில் மூன்றாவது பொத்தான். கண் தெரிந்தவருக்கு இந்த விலாசம் தேவையில்லை. பார்த்தார், மவுஸை நகர்த்தினார், அமுக்கினார். இதே ரிச்சர்ட்ஸ் டவுன் மாடி வீடொன்றில் பார்வையில்லாத ஒருவர் தன் வங்கிக் கணக்கைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்த விலாசம் ஒன்றுதான் வழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர்.

டாஸ் காலத்தில் விஷயம் சுலபமாக இருந்தது. திரையில் தெரியும் எழுத்து, நினைவகத்திலும் எழுத்தாகவே இருந்தது. அதை எடுத்து வாசித்துவிட்டால் போதும். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978இல் கார் விபத்தில் பார்வையை இழந்த அமெரிக்கர் டெட் ஹென்டர் 1987இல் ஒரு கம்பெனி தொடங்கி, 1989இல் 'ஜாஸ்' என்ற திரை வாசிப்பானைக் கொண்டுவந்தார். பிறகு விண்டோஸ் வந்தது. படங்களின் ராஜ்ஜியம். திரையில் தெரியும் 'அ' இப்போது வெறும் புள்ளிகளின் கூட்டம். கண் தெரிந்தவர்கள் கொண்டாடிய அதே மாற்றம் பார்வையற்றவர்கள் முகத்தில் கதவைச் சாத்தியது. திரை வாசிப்பான்கள், புரோகிராம் வரையும்போது பிறப்பிக்கும் கட்டளைகளை ஒட்டுக்கேட்டு, திரையில் என்ன இருக்கக்கூடும் என்று தாங்களாகவே ஊகித்தன. ஊகம் அடிக்கடி பொய்த்தது.

மைக்ரோசாஃப்ட் 1997இல் கொண்டுவந்த ஏற்பாடுதான் திருப்பம். இனி ஊகிக்க வேண்டாம், புரோகிராமே சொல்லட்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு உறுப்பும் தன் பெயர், தன் வேலை, தன் நிலை மூன்றையும் கேட்டால் சொல்ல வேண்டும். தன் தாய் யார், பிள்ளைகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, ஜன்னல் ஒரு வம்சாவளி மரமாகிவிட்டது.

இந்த மரத்தில் ஏறி இறங்குவது எப்படி இருக்கும்? மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ என்ற பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் உருவாக்கிய 'என்விடிஏ'வை எடுத்துக்கொள்ளலாம். கரன் இதைத் தொடங்கியது 2006இல். இலவசம், தமிழும் பேசும். இன்செர்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண் பலகையில் 8ஐ அழுத்தினால் தாய்க்குப் போகும். 2 என்றால் முதல் பிள்ளை. 4ம் 6ம் முன், பின் உடன்பிறப்புகள். 5 என்றால், இப்போது எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். ஐந்து விசைகளில் எந்த ஜன்னலையும் துழாவி முடிக்கலாம்.

இதே யோசனையைக் கணக்குப் பாடத்தில் செய்து காட்டியவர் புனேயில் வளர்ந்த டி.வி.ராமன். 14 வயதில் பார்வை போனது. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1994இல் அவர் அங்கே அளித்த ஆய்வேடு, கணிதச் சூத்திரங்களைப் பேச வைப்பது பற்றியது. நீளமான சூத்திரத்தை ஒரே மூச்சில் வாசித்தால் யாருக்கும் தலை சுற்றும். ராமன் அதை மரமாக்கினார். இது ஒரு பின்னம் என்று முதலில் தெரிகிறது. வேண்டுமானால் தொகுதிக்குள் இறங்கலாம், வேண்டாமென்றால் பகுதிக்குத் தாவலாம். கண் தாளில் செய்வதை அவர் காதுக்குச் செய்தார்.

மனிதர் விசை தட்டி நடக்கும் பாதையை ஒரு சிறு புரோகிராமும் நடக்கும். 'ஸ்கிரிப்ட்' என்பது அதைத்தான். மக்கின்டோஷில் ஆப்பிள்ஸ்கிரிப்ட், ஜாஸுக்கு அதன் சொந்த மொழி, என்விடிஏவுக்குப் பைத்தான். உச்சியில் தொடங்கி, பிள்ளை பிள்ளையாக இறங்கி, வேண்டியதைக் கண்டதும் நிற்கும். முழு மரத்தையும் கொண்டா என்று ஒரே வரியில் கேட்கவும் முடியும். கேட்டவர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பைப் பற்றிய கேள்வியும் இன்னொரு புரோகிராமிடம் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டுமே. விவரம் தெரிந்தவர்கள் தேவையான கிளையை மட்டும் கேட்கிறார்கள்.

தொல்லை வேறிடத்தில். 'இரண்டாவது குழு, மூன்றாவது பொத்தான்' என்று எழுதி வைத்த ஸ்கிரிப்ட், புரோகிராமின் அடுத்த பதிப்பில் ஒரு விளம்பரப் பட்டையைச் செருகியதும் வழி தவறிவிடும். பழைய எண், புது எண் குழப்பம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் வரிசை எண்ணை விடப் பெயரைத் தேடுவது மேல். பெயர் இருந்தால்!

அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். அழகான அம்புக்குறிப் படம் வரைந்து, அதற்குப் பெயர் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். திரை வாசிப்பான் "பொத்தான்" என்கிறது. அடுத்ததும் "பொத்தான்". அதற்கடுத்ததும். எதை அமுக்கினால் பணம் போகும், எதை அமுக்கினால் ரத்தாகும்? தெரிந்தவர்கள் ஸ்கிரிப்ட் எழுதி, இந்தப் பொத்தானுக்கு இந்தப் பெயர் என்று தாங்களே ஒட்டிக்கொள்கிறார்கள். ஓட்டைக் கூரைக்கு வாடகைக்காரரே தார்ப்பாய் போடுகிற கதை. எழுதியவருக்கு ஒரு நிமிட வேலை. எழுதாததால் ஒருவர் தன் பணத்தைத் தானே அனுப்ப முடியாமல், ரகசிய எண்ணைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. பெயர், வேலை, நிலை மூன்றையும் புரோகிராமே அறிவிக்க வேண்டும் என்பது 2008 முதல் இணையத்துக்கான சர்வதேச வழிகாட்டியில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 42வது பிரிவு தகவல் தொழில்நுட்பத்தை எல்லோரும் அணுகும்படி செய்யச் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் வாடிக்கையாளர் என்று ஒப்புக்கொள்ளும் முறையை அவர்கள் எதிர்த்தார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளையும் நீதிமன்றம் பிறப்பித்தது.

தமிழுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பொத்தானின் மேல் 'அனுப்பு' என்று பளிச்சென்று தமிழில் இருக்கும். உள்ளே மரத்தில் பதிந்த பெயரோ புரோகிராமர் அவசரத்தில் தட்டிய ஆங்கில எழுத்துக் கோவை. தமிழ்க் குரல் அதை எழுத்துக் கூட்டிப் படித்துத் திணறும். மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் சொற்களின் பட்டியல்தான். காதுக்கான பட்டியலும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும்.

தங்கள் புரோகிராமின் மரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு, விண்டோஸின் மென்பொருள் கருவித் தொகுப்பில் 'இன்ஸ்பெக்ட்' என்ற கருவியும், ஆப்பிளின் எக்ஸ்கோடில் 'ஆக்ஸஸிபிலிட்டி இன்ஸ்பெக்டர்' என்ற கருவியும் இருக்கின்றன. இரண்டும் இலவசம். கருவியே வேண்டாம் என்பவர்கள் என்விடிஏவை ஓடவிட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, தங்கள் புரோகிராமில் நூறு ரூபாய் அனுப்பிப் பார்க்கலாம்.