ஹைப்போவா, ஹைப்பரா? நீளமான ஆங்கில வார்த்தையை உடைத்துப் படிக்கலாம் வாங்க!

மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்கு வந்து பிரித்தால், 'ஹைப்போகிளைசீமியா' என்று ஒரு வார்த்தை மிரட்டும். "என்னப்பா போட்டிருக்கு?" என்று பாட்டி கேட்பார். ப்ளஸ் டூ படிக்கும் பேரனோ முதல் நான்கு எழுத்திலேயே திணறுவான்.

இப்படிப்பட்ட வார்த்தைகளை இரண்டு விதமாக உடைக்கலாம்.

முதலாவது, உச்சரிக்க. ஓர் அசைக்கு ஓர் உயிரொலி என்பதுதான் கணக்கு. தாடைக்குக் கீழே புறங்கையை வைத்து மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஹை-போ-கிளை-சீ-மி-யா. மொத்தம் ஆறு அசைகள்.

இரண்டாவது, பொருள் புரிய. 'ஹைப்போ' என்றால் குறைவு. 'கிளைக்' என்றால் இனிப்பு, சர்க்கரை. 'ஈமியா' என்றால் ரத்தம் தொடர்பான நிலை. சேர்த்தால், ரத்தத்தில் சர்க்கரை குறைந்த நிலை. 'ஹைப்போ' இருக்கும் இடத்தில் 'ஹைப்பர்' வந்தால் கதையே தலைகீழ். அது சர்க்கரை கூடிய நிலை! முன்னதில் உடனே சர்க்கரை தரவேண்டும். பின்னதில் தந்தால் ஆபத்து.

இரண்டு உடைப்பும் ஒரே இடத்தில் விழாது. ஹெலிகாப்டரை ஹெ-லி-காப்-டர் என்று உச்சரிக்கிறோம். ஆனால், சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', இறக்கையைக் குறிக்கும் 'ப்டெர்' என்ற கிரேக்கச் சொற்கள் சேர்ந்தே அது உருவானது.

இது நமக்குப் புதிதல்ல. பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம்தான். 'படித்தான்' என்பதை படி+த்+த்+ஆன் என்று பிரிக்கிறோம். படித்தது ஆணா, பெண்ணா என்பதைக் கடைசியில் இருக்கும் விகுதி சொல்லிவிடும். மருத்துவ வார்த்தைகளையும் வாலில் இருந்து பிடித்தால் சுலபம்.

* 'ஐட்டிஸ்' என முடிந்தால் அழற்சி. ஆர்த்ரைட்டிஸ் - மூட்டு அழற்சி.
* 'ஸ்கோப்பி' என முடிந்தால் கருவி வைத்துப் பார்ப்பது. எண்டோஸ்கோப்பி - உடலுக்குள் பார்ப்பது.
* 'எக்டமி' என முடிந்தால் வெட்டி அகற்றுவது. அப்பெண்டெக்டமி - குடல்வாலை அகற்றுவது.
* 'ஆஸ்டமி' என முடிந்தால் திறப்பு ஏற்படுத்துவது. கொலாஸ்டமி - பெருங்குடலுக்கு வயிற்றில் வழி வைப்பது.

பெருங்குடலை அகற்றும் 'கொலெக்டமி'யும் 'கொலாஸ்டமி'யும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து போடும் முன் வாலைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் டாக்டரிடமே கேளுங்கள். வார்த்தையை உடைக்கத் தெரிந்தால், எதைக் கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்!