படத்தில் இல்லாதவர்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டுக்கென அருங்காட்சியகத்தில் ஒரு சுவரை ஒதுக்கினால் அதில் எதை மாட்டுவோம்? அருவி, மூடுபனி, தலைச்சுமையோடு ஒரு பெண், முகம் சுருங்கிய ஒரு முதியவர். நம்மில் பலர் இப்படித்தான் தொடங்குவோம். இந்தப் படங்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இவற்றைப் பொறுக்கியெடுக்கும் பார்வை நமக்கு எங்கிருந்து வந்தது?

1792இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி வசமாயின. அதே ஆண்டில் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து தென்னாட்டுப் பயணம் கிளம்பினார்கள். ராயக்கோட்டை, ஜெகதேவி மலைக்கோட்டைகள் அவர்கள் தாளில் ஏறின. காட்சியைத் தாளில் விழச்செய்யும் கேமரா அப்ஸ்குராவின் துணையோடு கோடு பிசகாமல் வரைந்தவர்கள் அவர்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியான ‘ஓரியண்டல் சீனரி’யின் நேர்த்தியை இன்றும் வியக்கிறேன். ஆனாலும் அந்த மலைக்காட்சிகளில் பாறை ஓங்கி நிற்க, மனிதர்கள் அதன் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக அடியில் சிறுத்து நிற்கிறார்கள். கோட்டை கைமாறிய கதையைப் படத்தைப் பார்த்து அறிய முடியாது. பிரான்சின் ஸூபர் நிறுவனம் இந்தக் காட்சிகளைக் கொண்டு சுவர்த்தாள் அச்சிட்டது. இங்கிலாந்தின் பீங்கான் தட்டுகளிலும் இவை ஏறின. கப்பலேறாத குடும்பங்கள் தம் வீட்டுக் கூடத்திலேயே இந்தியாவைப் பார்த்து முடித்தன.

பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ழெரோம் 1879 வாக்கில் வரைந்த ‘பாம்பாட்டி’ இன்னும் நுட்பமானது. எட்வர்ட் சயீதின் ‘ஓரியண்டலிசம்’ (1978) அட்டையில் இடம்பெற்ற ஓவியம் அது. அதன் நீல ஓட்டுச் சுவர் இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையைச் சேர்ந்தது. பாம்பு வித்தையோ எகிப்திய வழக்கம். இரண்டையும் ஒட்டிய இடத்தில் தூரிகைத் தடமே தெரியாது. ஓவியர் தம்மை மறைத்துக்கொள்வதால்தான் பார்ப்பவர் அதை உண்மைக் காட்சியாக நம்புகிறார் என்று கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின் 1983இல் விளக்கினார். அந்த நம்பிக்கை இன்னும் செல்லுபடியாகிறது. ழெரோமின் ‘அடிமைச் சந்தை’யை 2019இல் ஜெர்மனியின் ஏஎஃப்டி கட்சி முஸ்லிம்களுக்கு எதிரான தேர்தல் சுவரொட்டியாக்கியது, ஓவியத்தை வைத்திருக்கும் கிளார்க் கலை நிறுவனம் அதைக் கண்டித்தது.

இந்தப் பார்வை பிறகு கேமராவுக்கும் தொற்றியது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்து தலையும் மூக்கும் அளந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பதிப்பித்தார். கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியும் அதில் உண்டு. அத்தொகுதிகளின் படக்குறிப்புகள் பெரும்பாலும் குலப்பெயரோடு நின்றுவிடுகின்றன. நிற்பவர் யார், எந்த ஊர், யார் நிற்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் இல்லை. நம் பதிவேடுகளில் இன்றும் ‘பழங்குடிப் பெண்’ என்று எழுதுகிறோமே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வளப்பூர் நாட்டில் சாமை விதைப்பவருக்குப் பெயர் உண்டு. மிளகு விலையைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு. தம் படத்தை எங்கே மாட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. பழைய படங்களின் நகல்களை மலைக்கு எடுத்துச் சென்று ஊராரோடு உட்கார்ந்து பார்த்தால், அருங்காட்சியக ஏட்டில் இல்லாத சங்கதிகள் கிடைக்கக்கூடும். அவற்றைச் சொன்னவர் பெயரும், அவர் சம்மதித்தால், குறிப்பில் சேர வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து இங்கே அச்சாகும் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் அல்லது வரைந்தவர், இடம், ஆண்டு, யாருக்காக உருவானது ஆகிய நான்கு விவரங்களையும் கேட்போம். தெரியாததை ‘தெரியவில்லை’ என்றே அச்சிடுவோம்.