நகரம் கவிதைக்குப் பகையா?

நகரம் வந்தால் கவிதை போய்விடும் என்று நம்மில் பலர் நம்புகின்றனர். வயலும் வாய்க்காலும் நிலவும் இருந்தால்தான் பாட்டு. புகைக்கூண்டும் பேருந்தும் பாட்டுக்கு ஆகா என்பது அவர்தம் எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து. சான்றாகச் சீனப் புதுக்கவிதையின் வரலாற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

பௌதிகம் பயில்பவனுக்குக் கவிதையில் என்ன வேலை என்று கேட்கலாம். சீனப் புதுக்கவிதைக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான குவோ மோ ஜோ, ஜப்பானில் மருத்துவம் பயின்ற மாணவர். கேள்வியை முதலில் அவரிடம் கேளுங்கள்!

மலை, ஆறு, நிலவு, பிரிவு என்று பல நூற்றாண்டுகளாகப் பாடிப் பண்பட்ட மொழி சீனம். 1917இல் ஹூ ஷி என்னும் அறிஞர் ‘புதிய இளைஞர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஏட்டு மொழியை விடுத்து மக்கள் பேசும் மொழியில் எழுதுங்கள் என்பது அதன் சாரம். பேச்சு மொழி கவிதைக்குள் வந்ததும், அந்தப் பேச்சு நிகழும் இடமும் உடன் வந்தது. அந்த இடம் பெரும்பாலும் நகரம்.

1920இல் குவோ மோ ஜோ ஜப்பானின் மோஜித் துறைமுகத்தை ஒரு குன்றின்மேல் நின்று பார்த்தார். கப்பல்களின் புகைபோக்கிகளிலிருந்து எழுந்த கரும்புகை அவர் கண்ணுக்குக் கருநிறப் பியோனி மலராகத் தோன்றியது. நமக்குத் தாமரை எப்படியோ, சீனருக்குப் பியோனி அப்படி. எவ்வளவு துணிவான உவமை! ஆனால் குன்றின்மேல் நிற்பவனுக்குத்தான் புகை மலராகத் தெரியும். கீழே அதை மூச்சில் இழுப்பவனுக்கு?

கீழே இறங்கி நடந்தவர்களை ஷாங்காய் உருவாக்கியது. 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையால் அந்நிய வாணிபத்துக்குத் திறந்துவிடப்பட்ட நகரம் அது. 1930களில் அங்கே முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். ஒரு பகுதியில் பிரெஞ்சு ஆட்சி. மற்றொரு பகுதியில் ஆங்கிலேயரின் செல்வாக்கு. அங்கே காவல் புரிந்தவர்களுள் நம் நாட்டுச் சீக்கியரும் இருந்தனர். அந்த நகரில் 1932இல் ‘ஷியன்டாய்’ என்ற இதழ் தோன்றியது. ‘தற்காலம்’ என்பது அப்பெயரின் பொருள். அதில் வந்த கவிதைகள் புரியவில்லை என்று வாசகர் குறை கூறினர். ஆசிரியர் ஷி செ சுன் 1933இல் அளித்த விடையின் கருத்து இது: கப்பல்கள் நிறைந்த துறைமுகமும், இரையும் ஆலையும், நடன அரங்கும், அடுக்குமாடிக் கடையும் தரும் உணர்ச்சி, நம் முன்னோர் பெற்ற உணர்ச்சியாகவே இருக்க முடியுமா?

இதிலிருந்து, கட்டடங்களை வரிசையாக அடுக்கினால் நகரக் கவிதை ஆகிவிடும் என்று யாரும் கொள்ளவேண்டாம். டாய் வாங் ஷூ 1928இல் வெளியிட்ட ‘மழைச் சந்து’ என்னும் கவிதையில் மாடிக் கட்டடம் எதுவும் இல்லை. குடை பிடித்துத் தனியே நடக்கும் ஒருவன், துயரம் தோய்ந்த ஒரு பெண்ணை எதிர்ப்பட மாட்டோமா என ஏங்குகிறான், அவ்வளவே. ஆயினும் ஆயிரம் பேர் நடுவே தனியாய் இருப்பவனின் குரல் அதில் கேட்கிறது. அடுத்து அவர் எழுதிய ‘என் நினைவு’ இன்னும் ஒரு படி மேல். எரியும் சிகரெட்டிலும், பழைய பவுடர் டப்பியிலும், பாதி குடித்த மதுப்புட்டியிலும் நினைவு குடியிருப்பதாகச் சொல்கிறார். வாடகை அறையில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பியான் சி லின் 1935இல் நான்கே அடிகளில் ஒரு கவிதை எழுதினார். பாலத்தில் நின்று ஒருவர் காட்சியைப் பார்க்கிறார். மாடியில் நின்று காட்சி பார்க்கும் வேறொருவருக்கு அவரே காட்சியாகிவிடுகிறார். ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இந்த நிலையே கவிதையின் கரு என்று கவிஞரே விளக்கினார். பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்று சொல்லாமல் அளவைச் சொல்லாதே என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் கற்பிக்கிறார்கள். நகரமும் அதையே கற்பிக்கிறது.

பிறகு போர் வந்தது. விலைவாசி விண்ணை முட்டியது. 1945இல் டூ யுன் ஷியே ‘விலையைத் துரத்துவோர்’ என்று எழுதினார். ஊரெல்லாம் துரத்தி ஓடும் பெரும்புள்ளியாக அங்கே விலைவாசி உருவெடுக்கிறது. சிரிப்பு வருகிறது; சிரித்து முடித்ததும் வயிறு எரிகிறது. குன்றிலிருந்து சந்துக்கும், சந்திலிருந்து சந்தைக்கும் கால் நூற்றாண்டில் கவிதை இறங்கி வந்த கதை இது.

இதெல்லாம் பிரெஞ்சுக் கவிதையையும் ஆங்கிலக் கவிதையையும் பார்த்து எழுதியதுதானே என்பர். உண்மைதான். டாய் வாங் ஷூ பிரெஞ்சுக் கவிதைகளை மொழிபெயர்த்தவர். எலியட்டின் ‘பாழ்நிலம்’ 1937இல் சீனத்தில் வெளிவந்தது. பாடும் முறையைக் கடன் வாங்கலாம். பட்ட பாட்டைக் கடன் வாங்க முடியுமா? விலையேற்றத்தில் அரிசிக்கு அலைந்தவர்கள் சீனரே.

இன்னொன்றும் கவனியுங்கள். டாய் வாங் ஷூ ஹாங்சௌவிலிருந்து ஷாங்காய்க்குப் படிக்க வந்தவர். பியான் சி லின் யாங்சி ஆற்றங்கரையின் சிற்றூரிலிருந்து பீகிங்குக்குப் படிக்க வந்தவர். டூ யுன் ஷியே மலாயாவில் பிறந்தவர். நகரத்தை உற்றுப் பார்த்த கண்கள் வந்து சேர்ந்தவர்களின் கண்களே.

நாமும் வந்து சேர்ந்தவர்கள்தாமே? நம் இதழின் கவிதைப் பக்கங்களைப் புரட்டுங்கள். மார்கழிக் கோலம் இருக்கிறது. ஆற்று மணல் இருக்கிறது. அம்மாவின் குழம்பு இருக்கிறது. இவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் இரண்டு இரவு இரயில் பயணம் எங்கே? அறை கேட்டுப் போனால் “மதராஸியா?” என்று கேட்டுக் கதவைப் பாதி சாத்தும் வீட்டுக்காரர் எங்கே? நம் உடைந்த இந்தியைப் பொறுத்துக்கொண்டு சரியான நிறுத்தத்தில் இறக்கிவிட்ட நடத்துநர் எங்கே? இவற்றை நாம் எழுதாவிட்டால், நாம் இங்கே வாழ்ந்ததற்குத் தமிழில் சாட்சியே இராது.

நமக்கு இது புதிதும் அன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் கடைத்தெருவையும் துறைமுகத்தையும் விரித்துப் பாடிய பட்டினப்பாலை நம்முடையது. அத்தனை பெரிய நகரமே கிடைப்பதாயினும் காதலியைப் பிரிந்து வரமாட்டேன் என்கிறான் அதன் தலைவன். நகரின் வளமும் பிரிவின் வலியும் ஒரே பாட்டில் அடங்கும் என்பதை அன்றே காட்டிவிட்டார்கள். நாமோ பிரிந்து வந்துவிட்டோம். ஆகவே பாடுவதற்கு நமக்குக் காரணம் கூடுதல்.

அடுத்த இதழுக்கு எழுதப் போகும் நண்பர்களே, நிலவைச் சற்று ஓய்வெடுக்க விடுங்கள். சன்னலைத் திறந்து தெருவைப் பாருங்கள்.