நாய்க்கடி ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்



"நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" பொடி, கஷாயம் என்று தினமும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். மிளகுக் கஷாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நம் ஏற்காட்டுக் குளிருக்கு அது சுகம்தான். ஆனால் "நாய் கடித்தால் இரண்டு ஊசி போதும், மிச்சத்துக்கு இதைக் குடியுங்கள்" என்று ஒரு செய்தி நம் குழுவிலேயே வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளணுக்கள் ஐந்து வகை என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? காயம் பட்டதும் முதலில் ஓடி வருவது நியூட்ரோஃபில். கிருமியை விழுங்கித் தானும் சாகும். சீழில் பெரும்பங்கு அதுதான். மோனோசைட் திசுவுக்குள் போய் மேக்ரோஃபேஜாக மாறிக் கிருமிகளைத் தின்னும். ஈசினோஃபில் குடற்புழு போன்றவற்றோடு மோதும். பேசோஃபிலுக்கு ஒவ்வாமையில் பங்கு உண்டு. ஐந்தாவதான லிம்ஃபோசைட்டில்தான் டி செல்லும் பி செல்லும் வருகின்றன.

தோலில் டென்ட்ரைட்டிக் செல் என்று ஒரு காவல்காரர் உண்டு. அது கிருமியின் துண்டை எடுத்துப்போய் நிணநீர்க்கணுவில் டி செல்லிடம் காட்டும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த இடம்தான். உதவி டி செல் தூண்ட, பி செல் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கும். சில செல்கள் நினைவு செல்களாகத் தங்கிவிடும். முதல் தடவை இதற்கெல்லாம் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

வெறிநோய் வைரஸ் இந்தக் காவலை ஏமாற்றுகிறது. ரத்தத்தில் உலாவாமல் நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. நோய்க்குறி தெரிந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது. வைரஸ் மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே, செயலிழந்த வைரஸைக் காட்டி நம் செல்களைத் தயார் செய்வதுதான் தடுப்பூசி. ஒவ்வொரு ஊசியும் ஒரு பாடம். பாதிப் பாடத்தோடு பரீட்சைக்குப் போகலாமா?

"கையில் துளியூண்டு போட்டு அனுப்பிவிட்டார்கள்" என்று அரசு மருத்துவமனையைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கைகளிலும் தோலுக்குள் 0.1 மி.லி. வீதம், 0, 3, 7, 28 ஆம் நாட்களில் போடுவார்கள். தோலில் அந்தக் காவல் செல்கள் நிறைய இருப்பதால் துளியே போதும். தசையில் போடும் முறையானால் 0, 3, 7, 14, 28. ரத்தம் வரும்படி கடித்திருந்தால், நம் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும் வரை காத்திருக்க முடியாது. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இந்த நோயோடு போராடுகிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் 14 ஊசி வரை போட்ட காலத்தின் பயம் நம் பெரியவர்களுக்கு இன்னும் போகவில்லை. அந்த மருந்து நம் நாட்டில் எப்போதோ நின்றுவிட்டது என்று வீட்டில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைக்கிராமத்திலிருந்து ஊசிக்கு வந்து போனால் ஒருநாள் கூலி போகிறது. மூன்றாவது ஊசி தவறுவதற்கு அறியாமையைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். எஸ்டேட் வைத்திருக்கும் என் மாணவர்களே, ஊசி நாளுக்குக் கூலியோடு விடுப்புக் கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர்களே, பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துப் போங்கள். கஷாயச் செய்தி அனுப்புவதைவிட இது பெரிய உபகாரம்.

கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த ஊசித் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.