கடைக் கணக்கும் கடிகாரக் கணக்கும்

வணிகத்திலே கணக்குக்கு உள்ள மதிப்பை எம்மவர்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. ஒரு மூடை அரிசி குறைந்தாலும் ஒரு முழம் புடைவை கூடினாலும் அன்றிரவே கண்டுபிடித்துவிடும் கடைகள் எம்மிடையே பல உண்டு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எம் முன்னோர் வழங்கிய பழமொழி. எனினும், எல்லாவற்றையும் அளக்கும் அக்கடைகள் பலவற்றில் அளக்கப்படாத பொருள் ஒன்று உண்டு. அஃது அங்கே வேலை செய்யும் ஊழியரின் நேரம். சரக்கிருப்புக்கும் விற்பனைச் சிட்டைக்கும் கணினி வந்துவிட்டது. ஊழியர் வந்த நேரமும் போன நேரமுமோ ஒரு கொப்பியிலும் கணக்கப்பிள்ளையின் ஞாபகத்திலும் தங்கியிருக்கின்றன. வருகையைத் தானே பதிந்து சம்பளத்தையும் தானே கணக்கிடும் கருவிகள் இன்று சிறு கடைக்காரருக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. பழைய மாணவருட் பலர் வாணிபத்துறையில் உள்ளவராதலின், இவற்றை எவ்வாறு ஏற்பது நன்று என்பது பற்றி இம்மலரிற் சில கூற விழைகின்றோம்.

நேரம் பதியும் பொறி நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து ஓபர்ன் என்னும் ஊரில் நகைக்கடை வைத்திருந்த வில்லார்ட் பண்டி என்பவர் 1888 இல் அத்தகைய பொறியொன்றை ஆக்கினார். ஊழியர் ஒவ்வொருவரும் தமக்குரிய இலக்கமிட்ட திறவுகோலை அதனுள் இட்டுத் திருப்ப, நேரம் கடதாசியிற் பதிந்தது. சம்பளக் கணக்கைக் கணினியிடம் முதலில் ஒப்படைத்தோருள்ளும் கடைக்காரரே முன்னின்றனர். இங்கிலாந்தில் தேநீர்ச்சாலைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனத்தார் தம் தேவைக்கென்றே லியோ என்னும் கணினியைக் கட்டி, 1951 இல் அதனைப் பேக்கரிக் கணக்கிலும், 1954 அளவில் ஊழியர் சம்பளத்திலும் ஈடுபடுத்தினர். தேர்ந்த எழுத்தர் ஒருவர் எட்டு நிமிடத்திற் செய்த ஒருவரின் சம்பளக் கணக்கை அது ஒன்றரை விநாடியிற் செய்து முடித்தது.

அதே 1954 ஆம் ஆண்டிலேதான் இலங்கையிற் கடை, அலுவலக ஊழியர் பற்றிய 19 ஆம் இலக்கச் சட்டம் ஆக்கப்பட்டது. நாளொன்றுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என வேலைநேரத்தை அது வரையறுத்தது. அதற்கு மேற்பட்ட நேரத்துக்குச் சாதாரண வீதத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். அம்மேலதிக நேரமும் கிழமைக்கு 12 மணியைத் தாண்டலாகாது. 1958 இன் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதியமும், 1980 இன் சட்டத்தால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் வந்து சேர்ந்தன. மாதம் 40,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ஆகிய 3,200 ரூபா கழிக்கப்படும். முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 12 ஆகிய 4,800 ரூபாவைச் சேர்த்து 8,000 ரூபாவைச் சேமலாப நிதியத்துக்குச் செலுத்துவார்; நூற்றுக்கு 3 ஆகிய 1,200 ரூபாவை மற்றை நிதியத்துக்குத் தாமே செலுத்துவார். ஊழியர் ஒருவரே உள்ள கடைக்கும் இக்கடமை உண்டு. மேலதிக நேரக் கொடுப்பனவுக்கோ சேமலாப நிதிப் பங்கு இல்லை. இத்தனை வேறுபாடுகளையும் மாதக் கடைசியில் இரவிரவாக இருந்து கையாற் கணக்கிடும் ஒருவர் எங்காவது தவறுதல் இயல்பே. இவ்வேலையைக் கணினியிடம் விடுதலே அறிவுடைமை என்பதில் எமக்கு ஐயமில்லை.

நிற்க. கணினி கூட்டலிற் பிழைவிடாது. ஆயினும் எதனைக் கூட்டவேண்டும் என்பதை அது தானே அறியாது. அவ்விதியை வகுப்பவர் முதலாளியே. நேரத்தைக் கால்மணிக்கு முழுமையாக்கும் வசதி இத்தகைய கருவிகள் பலவற்றில் உண்டு. காலை 9.04 க்கு வந்தவரை 9.15 க்கு வந்தவராகவும், மாலை 6.14 க்குப் போனவரை 6.00 மணிக்குப் போனவராகவும் கொள்ளுமாறு அதனை அமைத்துவிடலாம். அப்பொழுது காலையில் 11 நிமிடமும் மாலையில் 14 நிமிடமுமாக ஒரு நாளில் 25 நிமிடம் மறைகின்றது. இவ்வாறு 20 நாள் சென்றால் 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம் மறைந்துவிடும். அது முழு வேலைநாள் ஒன்றினும் மிகுதியன்றோ? இங்கே யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. எவரும் எவரையும் ஏசவுமில்லை. எனினும் ஒருவரின் ஒருநாள் உழைப்பு காணாமற் போயிற்று. கொப்பியில் நிகழ்ந்திருந்தால் யாராவது கண்டிருப்பர். பொறிக்குள் நிகழ்வதால் ஒருவரும் காண்பதில்லை.

ஆதலின் எமது கருத்து இதுவேயாம்: தாமதத்தை எண்ணும் கருவி, கடை பூட்டிய பின்னர் நின்ற நேரத்தையும் அதே நிமிடக்கணக்கில் எண்ணுதல் வேண்டும். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய நாட்களில் வாடிக்கையாளர் போன பின்னரும் துணிகளை மடித்து, நிலம் கூட்டி, இருப்பைச் சரிபார்த்து நள்ளிரவில் வீடு செல்லும் பெண்பிள்ளைகளை நாம் அறிவோம். அந்த நேரம் பதியப்படாவிடின் அக்கருவி தராசன்று. ஒரு தட்டு மட்டும் உடைய கோல்.

இதற்குச் செய்யவேண்டியன சிலவே. முதலாவது, ஊழியர் தம் நேரப்பதிவைத் தாம் விரும்பியபோது பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். மாதந்தோறும் சாதாரண நேரம், மேலதிக நேரம், கழிவு, நிதியங்களுக்குச் செலுத்திய தொகை என்பன தமிழிலோ அவர் வாசிக்கும் மொழியிலோ சம்பளச் சிட்டையில் வரவேண்டும். இரண்டாவது, பதிவைத் திருத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கவேண்டும். திருத்தியவர் யார், காரணம் யாது என்பதும் அங்கேயே பதியப்படவேண்டும். பஸ் வராத நாளையும் இழவு வீட்டுக்குப் போன அரைநாளையும் பொறி அறியாது, மனிதர் அறிவர். மூன்றாவது, கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாது, கணினி தந்த கணக்கைச் சரிபார்ப்பவராக அவரை உயர்த்தல் வேண்டும். முதல் இரண்டு மாதங்களுக்கேனும் பழைய கொப்பியையும் புதிய கருவியையும் ஒருங்கே நடத்தி ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

விரலடையாளம் கேட்கும் கருவிகள் குறித்தும் ஒரு சொல். ஒருவருக்காக இன்னொருவர் பதியும் களவை அவை தடுக்கும் என்பது உண்மையே. ஆயின் அட்டை தொலைந்தால் வேறு அட்டை கொடுக்கலாம். விரலுக்கு மாற்று இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய உடலடையாளங்களைத் தனிக் காப்புக்குரியனவாக வகுத்துள்ளது. ஐந்தாறு பேர் முகம்பார்த்து வேலைசெய்யும் கடைக்கு அட்டையோ இரகசிய இலக்கமோ போதும். அன்றியும் 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிவரை மின்சாரம் தடைப்பட்ட நாட்டினர் நாம். மின்சாரமில்லாத வேளையில் எழுத ஒரு கொப்பி மேசையில் இருக்கட்டும்.

"எம் கடையிற் பிள்ளைகள் வீட்டுப்பிள்ளைகள் போல, கடிகாரம் எதற்கு?" என்று கேட்பாரும் உளர். அவ்வன்பை நாம் குறைத்துக் கூறோம். மகளின் கலியாணத்துக்கு முன்பணம் கொடுத்த முதலாளிமாரும், கடைக்கு நெருக்கடி வந்தபோது சம்பளத்துக்குப் பொறுத்திருந்த ஊழியரும் எம்மிடையே உள்ளனர். ஆயின் அன்பு கணக்குக்கு மேலாக வழங்கப்படுவது. கணக்குக்குப் பதிலாக வழங்கப்படுவதன்று. உரியதை முதலில் நிமிடம் தவறாது கொடுத்த பின்னர் முதலாளி மனமுவந்து அளிப்பதே கொடையாகும். உரியதைத் தாராது அளிப்பது பழைய கடனில் ஒரு பகுதியேயாம்.

புதிய கருவி வாங்க எண்ணும் அன்பர்கள் விலையையும் உத்தரவாதத்தையும் விசாரிப்பதோடு, இதையும் விற்பவரிடம் கேட்பாராக: "இதில் என் கடைப் பையன் தன் கணக்கைத் தானே பார்க்க முடியுமா?" முடியும் என்றால் வாங்கலாம். முடியாது என்றால் பழைய கொப்பியே மேல்.