மூக்கைப் பார்த்தது போதும்



புது ரயில் படம் எதைப் போட்டாலும் அதன் கூர்மூக்கைத்தான் போடுகிறீர்கள். காற்றைக் கிழித்துப் போவதால்தான் வேகம் என்று கீழே ஒரு வரி வேறு. காற்றுத் தடை குறைவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வடிவம் பேர் வாங்கிய 1930-களின் கதையைப் படித்தால், பாதிக்கு மேல் பாராட்டு வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

அப்போது அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம். ரயிலில் ஏறிக்கொண்டிருந்த சனம் காருக்கும் பஸ்ஸுக்கும் மாறிவிட்டது. பர்லிங்டன் ரயில் நிறுவனத் தலைவர் ரால்ஃப் பட், பிலடெல்பியாவில் கார்களுக்கு உடல் செய்துவந்த எட்வர்ட் பட்டின் தொழிற்சாலையில் மூன்று பெட்டி ரயில் ஒன்றைச் செய்யச் சொன்னார். (பெயர்தான் ஒன்று, நெருங்கிய சொந்தம் இல்லை.) அதுதான் ஜெஃபிர்.

உடல் முழுக்க நம் வீட்டு எவர்சில்வர். அதைச் சாதாரணமாக வெல்டிங் செய்தால், சூடு பட்ட இடத்தில் துருப்பிடிக்காத குணம் போய்விடும். அந்தத் தொழிற்சாலையில் ‘ஷாட்வெல்ட்’ என்று ஒரு முறை கண்டுபிடித்தார்கள். மின்சாரத்தை அளந்து, நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் மட்டும் பாய்ச்சுவது. சூடு பரவுவதற்குள் தகடுகள் ஒட்டிவிடும். மெல்லிய தகட்டிலேயே உறுதியான பெட்டி கிடைத்தது. பக்கத்துப் பெட்டிகள் இரண்டும் ஒரே சக்கரவண்டியில் உட்கார்ந்ததால் ஆறுக்குப் பதில் நான்கு சக்கரவண்டிகளே போதும். மொத்த ரயிலும் ஏறக்குறைய 100 டன். அன்றைய கனத்த பெட்டி ஒன்றே 80 டன் வரும்!

அதனால்தான் 600 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் போதுமாயிற்று. 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 1,015 மைல், நிற்காமல், 13 மணி 5 நிமிடம். இதைப் பார்த்து வேறு சில நிறுவனங்கள் பழைய நீராவி எஞ்சினுக்குத் தகரச் சட்டை போட்டு ஓட்டின. பழுது பார்க்க இடைஞ்சல் என்று பிறகு பலவற்றைக் கழற்றியும் போட்டார்கள்.

குறையும் உண்டு. பெட்டிகள் பிணைந்திருப்பதால் கூட்டம் வந்தால் நினைத்தபடி இன்னொன்றைக் கோக்க முடியாது. 1935-இல் வந்த இரட்டை நகர ஜெஃபிர்கள் அடுத்த ஆண்டே பெரிய ரயில்களுக்கு வழிவிட்டன.

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் உருவான வந்தே பாரத்தின் உடலும் எவர்சில்வர்தான். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்த என் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஜெஃபிர் 1960 வரை ஓடி, இப்போது சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது போனால், பக்கவாட்டுத் தகட்டில் வெல்டிங் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்து ஒரு படம் அனுப்புங்கள்.